திண்டுக்கல்லில் உருவான ஹைதர் அலி

திண்டுக்கல் பேகம்பூரைத் தெரியாத முஸ்லிம் குடும்பம் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. வெளியூர்க்காரர்கள் அதைத் தோல் வியாபாரத்தால் அறிவார்கள். நாமோ அங்குள்ள பெரிய பள்ளிவாசலால் அறிவோம். நாம் சிறுவனாக இருந்தபோது அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருநாள் சமயங்களில் கிராமத்திலிருந்து பஸ் ஏறி அங்கே வருவோம். தொழுகை முடிந்ததும் அத்தா அங்குள்ள ஒரு கபருக்கு அருகில் நின்று துஆ செய்வார். அதில் அடங்கியிருப்பவர் ஒரு பெண் என்பதும், அவர் பெயரால்தான் அந்த இடம் பேகம்பூர் ஆனது என்பதும் அப்போது நமக்குத் தெரியாது. கேட்டதற்கு, ராஜா வீட்டுப் பெண் என்று மட்டும் அத்தா சொன்னார். எந்த ராஜா என்று கேட்க அன்று தோன்றவில்லை.

அந்தக் கேள்வி பல வருடங்கள் கழித்து வேறொரு வடிவத்தில் நம்மிடம் வந்தது. மாலை நேர மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவன், ஹைதர் அலி நல்லவரா கெட்டவரா என்று கேட்டான். வீட்டில் அவரைப் பெரிய வீரர் என்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பையனோ, ஊரைக் கொள்ளையடிக்க வந்தவர் என்கிறானாம். இரண்டில் எது சரி என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் நூலகத்தில் புரட்டிய பழைய மைசூர் வரலாறுகள் நம் நினைவுக்கு வந்தன. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது என்பது புரிந்தது. அவனுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். ஏனென்றால், ஹைதர் அலி பிறந்தது கர்நாடகத்தில் என்றாலும், அவர் ஒரு ஆட்சியாளராக உருவானது நம்முடைய திண்டுக்கல்லில்தான்.

தந்தையில்லாப் பிள்ளை

கோலார் பகுதியில் உள்ள பூதிகோட்டையில் 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைதர் பிறந்தார். தந்தை ஃபத்ஹ் முஹம்மது சீரா நவாபின் படையில் தளபதியாக இருந்தவர். ஹைதர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் போர்க்களத்தில் இறந்துவிட்டார். பின்னால் விட்டுச் சென்றது ஒரு விதவையையும், ஷஹ்பாஸ், ஹைதர் என்ற இரு மகன்களையும், கொஞ்சம் கடனையும்தான். அந்தக் கடனை வசூலிப்பதற்காக அந்த இரு எத்தீம்களையும் பெரிய முரசுக்குள் அடைத்து, வெளியே அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் யாரையும் எளிதில் நம்பாதவராக, பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பவராக ஹைதர் இருந்ததற்கு இந்த இளமைக்காலத்தையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

உறவினர்களின் உதவியால் குடும்பம் மைசூர் அரசின் ஆதரவுக்கு வந்தது. அண்ணன் முதலில் படையில் சேர்ந்தார். தம்பி அவருக்குப் பின்னால் போனார். 1749-இல் தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் ஹைதர் காட்டிய துணிச்சலை, மைசூரின் முழு அதிகாரமும் வைத்திருந்த அமைச்சர் நஞ்சராஜர் கவனித்தார். அங்கிருந்து அவர் ஏற்றம் தொடங்கியது. அடுத்த வருடம் அதே தேவனஹள்ளியில்தான் மகன் திப்பு பிறந்தார்.

பிறகு மைசூர்ப் படை திருச்சிராப்பள்ளிப் போருக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்காக முஹம்மது அலியும் சந்தா சாஹிபும் மோதிய போர் அது. ஒருவர் பின்னால் ஆங்கிலேயர், மற்றவர் பின்னால் பிரெஞ்சுக்காரர். ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் இடையே பல வருடங்கள் முகாமிட்டிருந்த ஹைதர், ஐரோப்பியப் படைகள் வரிசையாக நின்று சுடுவதையும், பீரங்கிகளை இழுத்துச் செல்லும் முறையையும், ஒழுங்குக்கு இருக்கும் பலத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்தப் போர்க்களமே பாடசாலையாக இருந்தது.

1755: மலைக்கோட்டைக்கு வந்தவர்

அந்தப் பாடத்தைச் செய்து பார்க்கும் இடமாக அவருக்குக் கிடைத்தது திண்டுக்கல். நம் ஊரின் நடுவே திண்டு போலக் கிடக்கும் அந்தப் பெரிய பாறையின் மேல் மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை, 1740-களிலேயே மைசூரின் கைக்கு வந்துவிட்டது. கோட்டை கையில் இருந்தாலும் சுற்றியுள்ள சமவெளி கையில் இல்லை. பழனி, விருப்பாச்சி போன்ற பாளையங்களின் தலைவர்கள் கப்பம் கட்ட மறுத்தார்கள். அவர்களை அடக்குவதற்காக 1755-இல் ஹைதர் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக, அதாவது படையும் வரியும் இரண்டும் சேர்ந்த பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

மலைக்கோட்டைக்கு ஏறிப் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் இந்த இடத்தை விரும்பினார் என்பது விளங்கும். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் கொடைக்கானல் மலைத்தொடர், இடையில் பரந்த வெட்டவெளி. கோவைப் பக்கமிருந்து மதுரைக்குப் போகும் படை எதுவானாலும் இந்தப் பாறையின் பார்வைக்குள் வந்தாக வேண்டும். கோட்டைக்குள் இன்றும் நாம் காணும் மருந்துக் கிடங்கும், அறைகளும், மதில் மேல் வைக்கப்பட்டிருக்கும் பீரங்கிகளும் அந்தக் காலத்தை நினைவுபடுத்துகின்றன.

பாளையக்காரர்களை ஹைதர் ஒருவர் பின் ஒருவராக அடக்கினார். அதைவிட முக்கியமான வேலை கோட்டைக்குள் நடந்தது. திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து, திண்டுக்கல்லில் ஒரு ஆயுதச் சாலையை அமைத்தார். பீரங்கிகளும் வெடிமருந்தும் இங்கே தயாராயின. பிற்காலத்தில் ஆங்கிலேயரைத் திணறடித்த மைசூர்ப் படையின் தொழில்நுட்பத்துக்கு முதல் அடுப்பு மூட்டப்பட்டது நம் ஊரில்தான் என்று சொன்னால் அது மிகையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைதரின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டவர் காண்டே ராவ் என்ற பிராமணர். கணக்கில் ஹைதருக்கு நினைவாற்றல், காண்டே ராவுக்கு எழுத்தாற்றல். இருவரும் சேர்ந்து மைசூர் கருவூலத்திலிருந்து வாங்கியதில் உண்மையும் இருந்தது, தந்திரமும் இருந்தது. மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த வில்க்ஸ் தம்முடைய வரலாற்றில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். திண்டுக்கல் பக்கத்துச் சண்டை ஒன்றில் காயமடைந்தவர்கள் 67 பேர். அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க மைசூரிலிருந்து அதிகாரி வந்தபோது, மஞ்சள் தோய்த்த துணிக்கட்டுகளுடன் 700 பேர் படுத்திருந்தார்களாம். வில்க்ஸ் எதிரி முகாமைச் சேர்ந்தவர் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பணம் ஹைதரின் சொந்தப் படையை வளர்க்கவே போனது என்பதை அவர் பின்னால் அடைந்த வளர்ச்சி காட்டுகிறது. பொதுப் பணத்தில் பொய்க்கணக்கு எழுதுவது வீரனுக்கும் ஹலால் ஆகிவிடாது என்று மதரஸா பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தான் வேண்டும்.

நத்தம் கணவாயில் ஒரு தோல்வி

1757-இல் ஹைதர் தெற்கே இறங்கினார். சோழவந்தானைப் பிடித்து, மதுரைப் பக்கத்துக் கிராமங்களைச் சூறையாடினார். அப்போது மதுரைச் சீமையில் ஆங்கிலேயருக்காகப் படை நடத்தியவர் முஹம்மது யூசுஃப் கான். மருதநாயகம் என்று தமிழகம் நினைவில் வைத்திருப்பவர். நத்தம் கணவாயின் வாயிலில் யூசுஃப் கான் ஹைதரைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார். இன்று நத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த ஒரு சண்டையை நிதானமாக யோசித்துப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். மோதிக்கொண்ட இரண்டு தளபதிகளும் முஸ்லிம்கள். ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தது மைசூரின் இந்து அரசு. மற்றவருக்குக் கொடுத்தது ஆங்கிலேயக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும். சூறையாடப்பட்ட கிராமங்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அன்றைய போர்கள் நாட்டுக்காகவும் வரிக்காகவும் நடந்தவை. அவற்றை மதப் போர்களாகக் கதை கட்டுவது, யார் கட்டினாலும் உண்மைக்குச் செய்யும் அநியாயம். அதே யூசுஃப் கான் பின்னாளில் தம் எஜமானர்களையே எதிர்த்து நின்று, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார் என்பதும் இந்தக் காலத்தின் ஒரு பாடம்தான்.

எழுதத் தெரியாத அரசர்

மைசூரில் சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் கலகம் செய்தபோது, 1758-இல் ஹைதர் அழைக்கப்பட்டார். திண்டுக்கல்லில் சேர்த்த படையும் பணமும் அவரோடு சென்றன. கலகம் அடங்கியது. அடுத்து மராட்டியர்களிடமிருந்து பெங்களூரைக் காத்தார். 1760-இல் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. திண்டுக்கல் காலத்திலிருந்து உடனிருந்த காண்டே ராவ், அரண்மனையோடு சேர்ந்து அவருக்கு எதிராகத் திரும்பினார். குடும்பத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விட்டுவிட்டு, இரவோடு இரவாக ஹைதர் தப்பி ஓட வேண்டியிருந்தது. மீண்டும் படை திரட்டி வந்து 1761-இல் ஆட்சியைக் கைப்பற்றினார். உடையார் அரசரைப் பெயரளவில் வைத்துக்கொண்டு, உண்மையான அதிகாரத்தைத் தாமே நடத்தினார். காண்டே ராவைக் கிளியைப் போலப் பாதுகாப்பதாக அரண்மனைக்கு வாக்களித்து, கிளியைப் போலவே கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார் என்பது பலரும் எழுதிய செய்தி. வெற்றி பெற்றவர்களின் கதைகளில் இப்படிப்பட்ட பக்கங்களும் இருக்கின்றன.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், தம் பெயரின் முதல் எழுத்தான ஹா-வைத் தலைகீழாகப் போடுவாராம். ஆனால் ஐந்து மொழிகள் பேசுவார். அவற்றில் தமிழும் ஒன்று. கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பதில்களைச் சொல்லி எழுதவைத்து, எழுதியதை வேறொருவரை விட்டு வாசிக்கவைத்துச் சரிபார்ப்பார். தம் குறை என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மகன் திப்புவுக்குத் தேர்ந்த ஆசிரியர்களை வைத்தார். எழுத்தறியாத அந்தத் தந்தையின் மகன் பிற்காலத்தில் சேர்த்து வைத்திருந்த நூல்கள் சுமார் 2000. நாம் படிக்காவிட்டால் என்ன, பிள்ளை படிக்கட்டும் என்று தோல் தொழிலில் கைகள் காய்த்துப்போன நம் ஊர்த் தந்தைகள் நினைப்பதும் இதைத்தான்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் மதம் பார்க்கவில்லை. பூர்ணையா போன்ற இந்து அதிகாரிகள் அவர் ஆட்சியில்தான் உயர்ந்தார்கள். காண்டே ராவின் துரோகத்துக்குப் பிறகும் அந்த வழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் செய்த பிழைக்காக அவர் சமூகத்தையே சந்தேகிக்காமல் இருந்தது, இன்றைக்கும் எல்லாத் தரப்பினரும் கற்க வேண்டிய பண்பு.

திண்டுக்கல்லுக்கு வந்த ராணி

முதல் மைசூர்ப் போரில் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பவும் ஹைதரிடம் வந்தது. போரின் முடிவில், 1769-இல், வேகமான குதிரைப்படையோடு சென்னைக்கு வெகு அருகில் போய் நின்று, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார் ஹைதர். கம்பெனி அதிகாரிகள் தங்கள் கோட்டை வாசலில் ஓர் இந்திய ஆட்சியாளரின் நிபந்தனைக்குக் கையெழுத்திட்டது அரிதான நிகழ்ச்சி.

மூன்று வருடம் கழித்து, 1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை அரசர் முத்துவடுகநாதர் நவாபின் படையாலும் ஆங்கிலேயப் படையாலும் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியார் தம் மகளோடும், அமைச்சர் தாண்டவராய பிள்ளையோடும், மருது சகோதரர்களோடும் நம் பகுதிக்கு வந்தார். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். ஒரு காலத்தில் ஹைதர் கப்பம் கேட்டுப் படை நடத்திய அதே விருப்பாச்சி! அந்த வருடம் டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதி, 5000 குதிரைவீரர்களும் 5000 காலாட்படையினரும் உதவிக்கு வேண்டும் என்று கேட்டார். ராணி திண்டுக்கல்லில் ஹைதரைச் சந்தித்து உருது மொழியில் பேசினார் என்று நம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

உதவி உடனே கிடைத்துவிடவில்லை. எட்டு வருடங்கள் ராணி இந்தச் சமவெளியில் காத்திருந்தார். 1780-இல் ஹைதரின் படையுதவியோடு சிவகங்கையை மீட்டார். கணவனை இழந்த ஓர் இந்து அரசிக்கு ஒரு முஸ்லிம் ஆட்சியாளரின் கோட்டை துணை நின்ற இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் தோழர்களிடம் தைரியமாகச் சொல்லலாம். ஹைதருக்கு ஆங்கிலேயரை எதிர்க்கக் கூட்டாளி தேவைப்பட்டார் என்பதும் உண்மை. லாபமும் உதவியும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் உதவி இல்லாமல் போய்விடாது.

கடைசிப் போரும் கபரும்

அதே 1780-இல் ஹைதர் பெரும் படையோடு கர்நாடகச் சமவெளியில், அதாவது இன்றைய வட தமிழகத்தில் இறங்கினார். செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றிலுமாக அழிந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை காணாத தோல்வி அது. அதே சமயம் எதிரிக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காக ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாயின, மக்கள் அகதிகளாக ஓடினார்கள், பஞ்சம் வந்தது. அந்தத் துயரத்தை அனுபவித்தவர்கள் நம்மைப் போன்ற தமிழ்க் குடியானவர்கள். பொள்ளிலூர் வெற்றியைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறோம்.

1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். போர் முடிவதற்குள், முதுகில் வந்த ராஜபிளவையால் 1782 டிசம்பர் 7-இல் சித்தூர் அருகே தம் முகாமில் இறந்தார். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை மரணச் செய்தி மறைக்கப்பட்டது. உடல் முதலில் கோலாரிலும், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய கும்பஸிலும் அடக்கம் செய்யப்பட்டது. முரசுக்குள் அடைக்கப்பட்ட எத்தீம் பிள்ளை, தென்னகத்தின் பேரரசராகக் கபருக்குப் போனார். போகும்போது அவருடன் போனது அமல்கள் மட்டும்தான்.

அதன் பிறகு நம் கோட்டையும் நிலைக்கவில்லை. 1783-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்புவிடம் திரும்பியது. 1790-இல் மறுபடியும் விழுந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போனது. ராணிக்கு அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரை ஆங்கிலேயர் 1801-இல் தூக்கிலிட்டார்கள்.

ஹைதர் குடும்பத்தில் நம் ஊர் மண்ணோடு தங்கிவிட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் பேகம்பூரின் பேகம். ஹைதரின் தங்கை அமீருன்னிஸா பேகம் என்றும், திண்டுக்கல்லை நிர்வகித்த மீர் சாஹிபின் மனைவி என்றும் ஊர் வரலாறு சொல்கிறது. சிறுவயதில் நம் அத்தா துஆ செய்து நின்றது அவருடைய கபருக்கு அருகில்தான். ஆயுதச் சாலை போய்விட்டது, படை போய்விட்டது, அரசும் போய்விட்டது. ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் ஒரு மஹல்லாவின் பெயராக நிலைத்துவிட்டது.

அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்னது

ஹைதர் அலி வலியல்ல. அவரை அப்படி ஆக்க வேண்டியதில்லை. அவர் கொள்ளைக்காரர் மட்டும் அல்ல. அப்படிச் சொல்பவர்களிடம் கோபப்படவும் வேண்டியதில்லை. தந்தையில்லாமல், எழுத்தில்லாமல் தொடங்கி, திறமையாலும் உழைப்பாலும் உயர்ந்தார். ஆங்கிலேயர் இந்த நாட்டுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பலருக்கும் முன்பே புரிந்துகொண்டு எதிர்த்தார். அடைக்கலம் தேடி வந்தவருக்கு உதவினார். பொய்க்கணக்கும் கொடுமையும் சூறையாடலும் அவர் கணக்கில் இருக்கின்றன. நல்லதை நல்லது என்றும் தவறைத் தவறு என்றும் சொல்லும்படிதான் நமக்கு மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. சொந்தக்காரருக்கு எதிராக இருந்தாலும் சாட்சியில் நீதி தவறக் கூடாது என்பது இறந்துபோன அரசர்களைப் பற்றிய சாட்சிக்கும் பொருந்தும்.

சிறுவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் பள்ளிக்கூடத்துப் பையனிடம் என்ன சொல்வது என்று கேட்டான். அவனையும் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டைக்கு ஏறு, பிறகு சேர்ந்து பேசுங்கள் என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போயிருக்கிறார்கள். மேலே மதில் ஓரம் நின்று நத்தம் எந்தப் பக்கம், விருப்பாச்சி எந்தப் பக்கம் என்று தேடினார்களாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். இறங்கி வந்ததும் பேகம்பூரில் லுஹர் தொழுதுவிட்டு, அந்தப் பேகம் யார் என்று சொல்லிக்கொடுங்கள். நம் அத்தா நமக்குச் சொல்லாமல் விட்டதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போவோம். முன் சென்றவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, நன்மைகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.